நொய்யல் வழி: சைக்கிள் வேகத்தில் ஒரு பழஞ்சாலை

பிரான்சில் ஆற்றோரமாகச் சைக்கிளில் ஊர் ஊராகப் போவது நூறாண்டுக்கு மேலான ஒரு பண்பாட்டுப் பழக்கம். பால் தெ விவி என்பவர் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். 1853-இல் பிறந்து 1930-இல் மறைந்தார். செந்த் எத்தியென் நகரில் சைக்கிள் வியாபாரம் செய்துகொண்டே 1887-இல் ஒரு சைக்கிள் பத்திரிகையையும் தொடங்கினார். சைக்கிள் என்பது பந்தயத்துக்கான பொறி, இளைஞர்களின் வீர விளையாட்டு என்றே எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. அதை நாடு பார்க்கும் வாகனமாக மாற்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று லுவார் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் பாதை இருக்கிறது. தெற்கே, 1681-இல் கட்டி முடிக்கப்பட்ட மிதி கால்வாயின் கரையில், முன்பு படகிழுக்கும் குதிரைகள் நடந்த தடத்தில் இன்று சைக்கிள்கள் போகின்றன. சில கிலோமீட்டருக்கு ஒரு கிராமம். கிராமத்துக்கு ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக்கடை, ஒரு குடிநீர்க் குழாய். ஆற்றுப் பள்ளத்தாக்கு என்பதால் பெரிய ஏற்றங்களும் இல்லை.

இதையெல்லாம் படிக்கும் தோறும் எனக்கு எழும் எண்ணம் ஒன்றுதான். கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து கிளம்பிக் காவிரி வரைக்கும் இதே அமைப்பில் ஒரு வழி இருக்கிறது. அதன் வயது லுவார்க் கரைக் கோட்டைகளைவிட ஆயிரம் ஆண்டு கூடுதல். ஒரு பெயர்ப்பலகைகூட அதற்கு இல்லை.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகக் கிழக்கே ஓடி, கொடுமுடிக்குக் கீழே நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேர்கிறது. அதன் பழம்பெயர் காஞ்சிமாநதி. கச்சியப்ப முனிவரின் பேரூர்ப் புராணம் அப்பெயரில்தான் அதைக் கொண்டாடுகிறது. கோவை நகரம் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. திருப்பூர் 300 மீட்டர் அளவில். காவிரிக் கரைக்கு வரும்போது 150 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறோம். அதாவது மேற்கிலிருந்து கிழக்கே போகிறவனுக்கு வழி நெடுகிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இறக்கம் துணைவருகிறது. பாலக்காட்டுக் கணவாயின் அகலம் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவரில் இப்படியொரு வாசல் வேறெங்கும் இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் அந்த வாசல் வழியாக வீசும் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். அதே மாதத்தில் கிழக்கிலிருந்து மேற்கே சைக்கிள் மிதிக்கத் துணிகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு; அவர்களது விவேகத்தின்மேல் அல்ல.

இந்த வாசல்தான் வரலாற்றின் சாவி. மேலைக் கடற்கரையில் முசிறித் துறைமுகம். கீழே காவிரிக் கரையில் கரூர். அதற்கும் அப்பால் காவிரிப்பூம்பட்டினம். மலையில் ஏறாமல் இவற்றை இணைக்க விரும்பும் எந்த வணிகனும் நொய்யல் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போயாகவேண்டும். மதுக்கரைக்கும் சுண்டக்காமுத்தூருக்கும் இடைப்பட்ட குன்றுப் பகுதியில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. வட்டெழுத்திலும் தமிழெழுத்திலும் வெட்டப்பட்ட அதில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்று அந்தச் சாலைக்குப் பெயரே சொல்லப்பட்டிருக்கிறது. சாலைக்குப் பெயர் வைத்துக் கல்லில் வெட்டி, அதற்கு ஒரு வெண்பாவும் பாடிவைத்த சமூகம் இது. இன்று அதே இடத்தைக் கண்டுபிடிக்க ஊர்க்காரர் ஒருவரின் தயவு வேண்டும்.

ஆர்.எஸ்.புரம் பழைய ஊர் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் கோவையைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. நெருக்கமான பழைய பேட்டைகளைவிட்டு மக்கள் வெளியேற, நகரத்தின் மேற்கே காற்றோட்டமாக விரிந்த குடியிருப்பு இது. நகரசபைத் தலைவராக இருந்த திவான் பகதூர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் ஊருக்கும் வந்தது, பட்டம் டி.பி. ரோட்டுக்குப் போயிற்று. இந்தப் புதிய குடியிருப்பின் காலடியிலேயே பழைய நீர்நிலை ஒன்று கிடக்கிறது. குமாரசாமிக் குளம் என்ற பெயரை விட்டு எல்லோரும் முத்தண்ணன் குளம் என்கிறார்கள். சற்று வடமேற்கே கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி. தெற்கே செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம். இவற்றைத் தனித்தனிக் குளங்களாகப் பார்ப்பது காரில் போகிறவரின் பார்வை. குளக்கரையை ஒட்டிச் சைக்கிளில் மெல்லப் போனால் இவை ஒரே கோவையின் மணிகள் என்பது விளங்கும்.

அதன் வேலைமுறை எளியது, அழகானது. ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்ந்த அணைக்கட்டு; சித்திரைச்சாவடி அவற்றில் முதன்மையானது. வெள்ளம் வந்தால் அணைக்கட்டு அதை மறிப்பதில்லை. கொஞ்சத்தை வாய்க்காலில் திருப்பிவிட்டு மீதியைத் தன்மேல் வழிந்தோட விடுகிறது. வாய்க்கால் ஒரு குளத்தை நிரப்பும்; அது நிறைந்தபின் உபரிநீர் கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்கோ திரும்ப ஆற்றுக்கோ போகும். சில கிலோமீட்டர் கீழே இன்னோர் அணைக்கட்டு, இன்னொரு குளம். மலையடிவாரத்திலிருந்து இப்படி 30-க்கு மேற்பட்ட அணைக்கட்டுகளும் அதே அளவுக் குளங்களும் இருந்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மழை குறைந்த கொங்கில், வருடத்தில் சில வாரமே பெருகும் ஒரு காட்டாற்றை வைத்து நெல் விளைவித்த உத்தி இது. பேரூர்க் கல்வெட்டுகளில் தேவிசிறை என்றோர் அணை பேசப்படுகிறது. மேலே உள்ளவன் எவ்வளவு எடுக்கலாம், கீழே உள்ளவனுக்கு எவ்வளவு விடவேண்டும் என்ற பேச்சு அணை தோன்றிய நாளிலேயே தோன்றியிருக்கும். அந்த வழக்கின் இன்றைய வடிவத்துக்குப் பின்னால் வருகிறேன்.

பேரூரில் கொஞ்ச நேரம் இறங்கத்தான் வேண்டும். பட்டீசுவரர் இங்கே பள்ளராக வேடமிட்டு வயலில் நாற்று நட்டாராம். பொருள் கேட்டு வருகிற சுந்தரரிடமிருந்து தப்பிக்க இறைவன் செய்த தந்திரம் அது. இன்றும் ஆனி மாதத்தில் நாற்று நடும் விழா நடக்கிறது. கடவுளே ஒளிந்துகொள்ள ஒரு சேற்று வயல் தேவைப்பட்ட ஊர் என்றால், அங்கே வாய்க்கால் எப்படி ஓடியிருக்க வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். 1800-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் புக்கானன் இவ்வழியே வந்தார். திப்பு வீழ்ந்த மறுவருடம், கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது என்று பார்த்துவர வெல்லெஸ்லி அனுப்பிய மருத்துவர் அவர். 1807-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவரது பயணநூல், பேரூர் ‘மேலைச் சிதம்பரம்’ என்று அழைக்கப்படுவதைக் குறிக்கிறது. வாய்க்கால்களையும் குளங்களையும் மண்ணையும் வரியையும் தறியையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறார். அவரைக் கும்பினியின் கணக்குப்பிள்ளை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் நாளொன்றுக்கு ஒரு முகாம் என்று மெல்ல ஊர்ந்தவர் என்பதால், பின்னாளில் ரயிலில் வந்த அதிகாரிகள் காணாததைக் கண்டிருக்கிறார். கொங்கு வரலாறு எழுதுகிற யாரும் அவரைத் தாண்டிப் போகமுடிவதில்லை என்பதற்கு அந்த வேகமும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

நகரத்தைக் கடந்து தென்கிழக்கே வெள்ளலூர். இன்று நகரத்தின் குப்பை வந்து குவிகிற இடமாகவே பலருக்குத் தெரியும். இங்கே 1842-இல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. 1891-இலும் 1931-இலும் மீண்டும் புதையல்கள். பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் காசுகள். அதாவது கிறிஸ்து பிறப்பை ஒட்டிய காலம். அவர் காலத்திலேயே ரோமில், கிழக்கு நாட்டு ஆடம்பரப் பொருள்களுக்காகப் பணம் வெளியேறுகிறதே என்ற புலம்பல் எழுந்தது. சற்றுப் பின்னால் பிளினி அதை எழுத்தில் வைத்தார். அந்தப் புலம்பலின் மறுமுனை வெள்ளலூர் மண்ணில் பானைக்குள் கிடந்தது.

இந்தக் காசுகளுக்கு ரோமானியர் எதை வாங்கினார்கள்? மிளகு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் மிளகு விளைவது மலைக்கு அந்தப்புறம். அதற்காகக் கணவாய் தாண்டி இந்தப்புறம் வரவேண்டியதில்லை. இந்தப்புறம் இருந்தது கல். காங்கேயத்துக்கு அருகே உள்ள படியூரில் பெரில் எனப்படும் நீலப்பச்சைக் கல் கிடைத்தது. 1819, 1820-ஆம் ஆண்டுகளில் கும்பினி ஆட்சியிலும் அங்கே சுரங்கம் தோண்டப்பட்டது. பெரில் கற்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருவதாகப் பிளினியும் எழுதியிருக்கிறார். கல்லோடு இரும்பு, இரும்போடு துணி. வெள்ளலூர் வெறும் புதையல் ஊர் என்று நினைத்தால் இது புரியாது. வழியின் அடுத்த ஊர்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இருகூர், சூலூர், சாமளாபுரம், மங்கலம் என்று வழி நீள்கிறது. இந்தப் பகுதியைச் சற்று வேகமாகக் கடந்துவிடலாம். சூலூரின் இரட்டைக் குளங்களும் சாமளாபுரத்துக் குளமும் மட்டும் நின்று பார்க்கத் தக்கவை. சோமனூர்ப் பக்கம் திரும்பினால் விசைத்தறிச் சத்தம் ஒரு தெருவிலிருந்து மறுதெருவுக்கு நம்மைக் கைமாற்றிக்கொண்டே வரும். 1862-இல் போத்தனூர் வரை வந்த மதராஸ் ரயில்பாதையும் இதே பள்ளத்தாக்கில்தான் போடப்பட்டது. பொறியாளர்கள் புதிய வழி எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்றமில்லாத வழி எதுவென்று மாட்டு வண்டிகள் முன்பே கண்டுவைத்திருந்தன.

சைக்கிள் இந்தப் பகுதிக்குச் சுற்றுலாப் பொருளாக வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலையோடு தொடங்கிய நூற்பாலைகள், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பல்கிப் பெருகின. சங்கு ஊதும் நேரத்துக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆலைக்கு வந்து சேர உழைப்பாளிக்கு உதவியது சைக்கிள். பாவு நூலும் பால் கேனும் கேரியரில் போயின. மணிக்கணக்கு வாடகைக்குச் சைக்கிள் விட்ட கடைகள் ஊருக்கு ஒன்றாவது இருந்தன. பிரெஞ்சுக்காரருக்கு ஓய்வு நேரத்தைத் தந்த வண்டி, நமக்கு வேலை நேரத்தைத் தந்தது. அதனால்தான் பொழுதுபோக்காகச் சைக்கிளில் வெளியூர் போகிற ஒருவரை இன்றும் டீக்கடையில் ‘என்னங்க, வண்டி ரிப்பேருங்களா?’ என்று பரிவோடு விசாரிக்கிறார்கள்.

திருப்பூருக்கு முன்பு வடக்கே ஒரு கிளைவழி உண்டு. அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் நொய்யலில் சேரும் நல்லாற்றின் பக்கத்தவை. சேரமான் பெருமாளிடம் பொன்னும் மணியும் பெற்றுக்கொண்டு கொடுங்கோளூரிலிருந்து திரும்பிய சுந்தரரை வேடுவர்கள் வழிமறித்துக் கொள்ளையடித்தது திருமுருகன்பூண்டியில். பூதகணங்களை வேடுவராக அனுப்பியது சிவனேதான் என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி. பொருள் பறிபோன கோபத்தில் அவர் பாடிய பதிகம், இப்படிப்பட்ட ஊரில் உமக்கென்ன வேலை என்று இறைவனையே கடிந்துகொள்கிறது. பக்தியைச் சற்றே ஒதுக்கிவைத்துப் படித்தால், எட்டாம் நூற்றாண்டுவாக்கில் ஒரு நெடுஞ்சாலைப் பயணி எதற்கு அஞ்சினான் என்பதற்கு இதைவிட உயிருள்ள சான்று கிடைக்காது. மேலைக்கடலிலிருந்து சோழநாட்டுக்குச் செல்வம் போகும் பாதை இது; செல்வம் போகும் பாதையில் வழிப்பறி இருக்கும். பெருவழிக்குப் பெயர் சூட்டி அரசன் கல்வெட்டு நாட்டியதில் பாதுகாப்பு என்ற வாக்குறுதியும் இருந்திருக்க வேண்டும். வடகிழக்கே இன்னும் போனால் விசயமங்கலம். பெருங்கதையைப் பாடிய கொங்குவேளிரின் ஊர் என்று மரபு சொல்வது. சமணக் கோயில் ஒன்று இன்றும் நிற்கிறது. வணிகர்களும் சமணமும் ஒரே சாலையில் நடந்தவர்கள்.

திருப்பூரைக் கடக்கும்போது நதி தன் பேச்சை மாற்றிக்கொள்கிறது. 1980-களுக்குப் பிறகு பின்னலாடை ஏற்றுமதி இந்த ஊரை உலக வரைபடத்தில் ஏற்றிற்று. சாயப்பட்டறைகளின் கழிவு நதியில் இறங்கிற்று. இதில் வெறும் நிறம் இல்லை, உப்பு இருக்கிறது. துணியில் சாயம் பிடிக்க உப்பை அள்ளிக் கொட்டவேண்டும். அந்த உப்பு துணியில் தங்காமல் அலசிய நீரோடு வெளியேறிவிடும். கீழே, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஓர் அணை கட்டி முடித்தார்கள். கரூர், ஈரோடு மாவட்டங்களில் சுமார் 10,000 ஏக்கர் பாசனம் என்பது திட்டம். நடந்தது வேறு. அணை சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாயிற்று. அணையைச் சுற்றிய கிணறுகள் உப்பாயின. தென்னையும் மஞ்சளும் கருகின. அணையில் நீர் தேக்காதீர்கள் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. பாசன வரலாற்றில் இப்படியொரு கோரிக்கை வேறெங்காவது எழுந்திருக்குமா என்று தெரியவில்லை.

நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. 2009-இல் அதை உறுதிசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கழிவை முற்றிலும் வெளியேற்றாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடுங்கள் என்று 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் ஆணை. அந்த மாதங்களில் திருப்பூரில் வேலையிழந்து ஊர் திரும்பியவர்கள் பலர். உழவனின் நியாயமும் கூலித் தொழிலாளியின் வயிறும் எதிரெதிரே நின்றன. அதில் யார் பக்கம் என்று கேட்டால், நதியை முதலில் குடித்தவன் பக்கம் என்பேன். தேவிசிறைக் காலத்திலிருந்து வரும் விதிதான் இது: மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவனிடம் கடமை உண்டு. அன்று அளவைப் பற்றிய வழக்கு, இன்று தன்மையைப் பற்றிய வழக்கு. தீர்ப்புக்குப் பிறகு சுத்திகரிப்பு முறைகள் வந்து நிலைமை முன்னேறியிருக்கிறது. ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பு நீதிமன்ற ஆணைக்குக் கீழ்ப்படிந்து வெளியேறுவதில்லை.

அணைக்கட்டிலிருந்து சில கிலோமீட்டருக்குள், நொய்யலின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று குறிப்பிட்டு அதன் அருங்கலன்களைப் புகழும் ஊர் இதுவென்பது அறிஞர் முடிவு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் எ. சுப்பராயலு, கா. ராஜன் போன்றோர் பங்கேற்பில் இங்கே அகழாய்வு செய்தது. பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழகத் தொல்லியல் துறையும் தொடர்ந்தன. பெருங்கற்படை ஈமச்சின்னங்கள், இரும்பு உருக்கிய உலைகள், உருக்கு செய்த மூசைகள், மணி செய்யும் பட்டறைகளின் கழிவுக் கற்கள், தமிழ் பிராமியில் பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானையோடுகள். ஓர் ஈமக்குழியில் மட்டும் 2,000-க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள். சூதுபவளம் இம்மண்ணின் கல் அல்ல. குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும். கல்லிழைத்த வெண்கலப் புலி ஒன்றும் கிடைத்தது. பானையோட்டில் பெயர் எழுதியவர்கள் அரசர்கள் அல்லர். அவர்கள் கைவினைஞர்களும் வணிகர்களுமாக இருக்கவேண்டும். தன் பானை பிறர் பானையோடு மாறிவிடக்கூடாது என்று நினைத்த சாதாரண மனிதர்கள்.

வரலாற்று நூல்களின் வரைபடங்களில் வெள்ளலூர் ஒரு புள்ளி, படியூர் ஒரு புள்ளி, கொடுமணல் ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கும் மறுபுள்ளிக்கும் இடையே வெற்றுத்தாள். இரண்டு நாள் சைக்கிள் மிதித்தால் அந்த வெற்றுத்தாளில் குளங்களும் சந்தைகளும் கோயில்களும் நிரம்பிவிடும். மாட்டு வண்டி பகலில் போகக்கூடிய தொலைவுக்கு ஒரு தங்குமிடம் என்ற கணக்கு காலில் உறைக்கும். பெருவழி ஆற்றங்கரையை ஒட்டியே ஓடியிருக்காது என்பதும் புரியும். வெள்ளம் அரிக்கும் தாழ்கரையில் பாரவண்டி ஓட்டுவதற்கு யாரும் துணியமாட்டார்கள். ஆறு கண்ணில் படும் தொலைவில், ஆனால் மேட்டில் போவதுதான் வண்டிக்காரனின் அறிவு. கொடுமணலும் அப்படி ஒரு மேட்டில்தான் இருக்கிறது.

அங்கிருந்து கிழக்கே செல்லச் செல்ல வயல்கள் குறைந்து, கிளுவை வேலி போட்ட கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்கள் வருகின்றன. காங்கேயம் மாடுகளின் நாடு. சென்னிமலை இடப்பக்கமும் சிவன்மலை வலப்பக்கமும் நின்று வழியனுப்பும். சென்னிமலை, கைத்தறிப் போர்வைகளின் ஊர். 1932-இல் திருப்பூர்த் தெருவில் கொடியோடு அடிபட்டு மாண்ட குமரன் 1904-இல் பிறந்த ஊர்.

கொடுமுடிக்கு அருகே ஆவுடையாபாறையில் இன்னொரு நீர் வந்து நொய்யலில் கலக்கிறது. பவானியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து வரும் காலிங்கராயன் வாய்க்கால் அது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 1283 வாக்கில் முடிந்தது என்பர். நேர்வழியில் இதைவிட மிகக் குறைந்த தூரம்தான். பாம்பு ஊர்ந்து காட்டிய வழியில் வெட்டினார்கள் என்று கதை சொல்கிறது. நிலத்தின் சமமட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அதிகப் பரப்புக்கு நீர் பாயவேண்டும் என்று வெட்டிய வளைவுகள் அவை. தன் நன்மைக்காக வெட்டினான் என்ற பேச்சு வரக்கூடாதென்று, தன் வம்சத்தார் அந்நீரைப் பயன்படுத்தமாட்டார்கள் எனச் சூளுரைத்துக் காலிங்கராயன் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்ததாகவும் மரபு உண்டு. மிதி கால்வாய்க்கு நான்கு நூற்றாண்டு மூத்தது இவ்வாய்க்கால். மஞ்சளும் வாழையும் கரும்பும் இருபுறமும் நிற்க, கரையில் சைக்கிளில் திரும்பி வடக்கே ஈரோட்டுக்குப் போய்விடலாம்.

திரும்ப மனமில்லாதவர்கள் நொய்யல் ஊரில் காவிரியைப் பார்த்துவிட்டுக் கரையோரமாகவே புகளூருக்குப் போகலாம். வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டான் மலைமேல் முருகன் கோயிலுக்குப் படி ஏறும் வழியில், சமண முனிவர்க்குச் சேர இரும்பொறை மரபினர் வெட்டிக்கொடுத்த கற்படுக்கைகள் உள்ளன. மூன்று தலைமுறைச் சேரர் பெயர்களைத் தமிழ் பிராமியில் பொறித்த கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. பதிற்றுப்பத்துப் புலவர்கள் பாடிய குடியின் பெயர்கள். மாலையில் போனால் சாய்ந்த வெயிலில் எழுத்துகள் நன்றாகத் தெரியும். சைக்கிளை அடிவாரத்துப் பூக்கடையில் விட்டுப் போகலாம், பார்த்துக்கொள்வார்கள்.